ஒன்றரை என்று தட்டிய விரல்

பங்காளிகள் அத்தனை பேரையும் ஒரே படத்துக்குள் அடக்கித் தர வேண்டும் என்று எங்கள் குலதெய்வக் கோயில் கமிட்டியில் கேட்டபோதே நான் கையை விரித்திருக்க வேண்டும். விரிக்கவில்லை. புதுச்சத்திரத்தில் மெயின் ரோட்டை ஒட்டி, முட்டை அட்டை விற்கிற கடைக்கு மேல்மாடியில் ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். கல்யாணம், காதுகுத்து, பாஸ்போர்ட் சைஸ் என்று பிழைப்பு ஓடுகிறது. நானும் அந்தக் கோயிலுக்குப் பங்காளிதான். "நம்ம பையன் ஒருத்தன் இருக்கையில வெளியாளை எதுக்குக் கூப்புடோணும்?" என்று கமிட்டித் தலைவரான சித்தப்பா நாலு பேர் முன்னால் சொன்னதில் எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

எங்கள் கோயிலில் கல்யாணமான ஆண் ஒவ்வொருவரும் ஒரு தலைக்கட்டு. தலைக்கட்டு நோட்டில் பேர் இருந்தால் மாசிப் பொங்கலன்று மதிலுக்குள் அடுப்புக் கூட்ட இடம் உண்டு. இல்லாவிட்டால் இல்லை. அந்த இடத்துக்கு வருடா வருடம் அடிதடி நடக்கும். வேம்பு நிழல் யாருக்கு, சன்னதிக்கு நேராக யார், காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று ஆளாளுக்குச் சட்டம் பேசுவார்கள். ஏக்கர் கணக்கில் பூமி வைத்திருப்பவர்கள் மூன்று செங்கல் வைக்கிற இடத்துக்காக ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்ததை நான் பார்த்திருக்கிறேன். இந்தச் சண்டைக்கு முடிவு கட்டத்தான் சித்தப்பா படம் எடுக்கிற யோசனையைக் கொண்டுவந்தார். தலைக்கட்டுக்கு ஒருவர் வீதம் மதிலோரமாக வரிசையில் நிற்க வேண்டும். அந்தப் படத்தைப் பத்தடி நீளத்துக்குப் போட்டுப் புது மண்டபத்தில் மாட்டிவிட வேண்டும். "படத்துல எவன் எங்க நிக்கறானோ அவனுக்கு அடுப்பும் அங்கதான். அப்பறம் ஒருத்தனும் வாயத் தொறக்கப்படாது" என்றார்.

இந்த ஏற்பாட்டில் மாட்டிக்கொண்டவள் என் அக்கா. அக்கா என்றால் பெரியப்பாவின் ஒரே மகள். ஆத்தூர்ப் பக்கம் கட்டிக்கொடுத்து, ஆறு மாதத்தில் உறவைத் தீர்த்துக்கொண்டு வந்துவிட்டாள். அதற்குப் பிறகு இருபது வருடமாகப் பெரியப்பாவின் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டு, மேச்சேரி ஆடு வளர்த்துக்கொண்டு இங்கேயேதான் இருக்கிறாள். பெரியப்பா இருந்தவரை அவர் தலைக்கட்டு, மதிலுக்குள் அடுப்பு, பொங்கல் வைப்பது அக்கா. ஒருவரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. இரண்டு வருடத்துக்கு முன்னால் அவர் போனார். நோட்டில் அவர் பேரின் மேல் கோடு கிழித்தார்கள். கட்டிக்கொடுத்த பெண் புருசன் வீட்டுக் கோயிலுக்குத்தான் சொந்தம் என்றார்கள். "அந்த ஊடுதான் இல்லீங்களே" என்று அக்கா கேட்டாள். நோட்டை மூடிவிட்டார்கள்.

போன வருடப் பொங்கலுக்கு அவள் மதிலுக்கு வெளியே அடுப்பு வைத்தாள். வெளியே என்றால் கிடாய் வெட்டிக் கழிவு கொட்டுகிற பக்கம். குடலும் தோலும் வெயிலில் கிடந்து நாறும். அவள் ஒரு கையால் ஈ ஓட்டிக்கொண்டே இன்னொரு கையால் பொங்கல் கிண்டினாள். மதிலுக்கு உள்ளே நின்று நாங்கள் எல்லாரும் அதைப் பார்த்தோம். பார்த்துவிட்டு, இலை போட்டுச் சாப்பிட்டோம். கொழுந்து வாழையிலையில், நெய் மிதக்க.

தை மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் படம் எடுத்தேன். என் கேமரா சர்வீஸுக்குப் போயிருந்ததால் நாமக்கல்லில் இருக்கிற நண்பரிடம் இரவல் வாங்கிப் போயிருந்தேன். அவருடையது பெரிய சென்சார் வைத்த கேமரா. கூடவே ஒரு பழைய லென்ஸ் கொடுத்தார். எல்லாவற்றையும் கையால் திருகித்தான் வைக்க வேண்டும். தான் யார், என்ன அளவு என்பதைக்கூட அந்த லென்ஸ் கேமராவுக்குச் சொல்லாது. ஆனால் படம் கண்ணாடி போல விழும். ஸ்டாண்டில் பூட்டி, இடமிருந்து வலமாகக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி ஒன்பது படம் எடுப்பது, பிறகு சாப்ட்வேரில் போட்டு ஒன்றாக ஒட்டுவது என்பது திட்டம். பக்கத்துப் பக்கத்துப் படங்களில் ஒரே ஆட்கள் கொஞ்சம் பேர் இருக்க வேண்டும். அதை வைத்துத்தான் சாப்ட்வேர் எதை எங்கே ஒட்டுவது என்று கண்டுபிடிக்கும்.

வெள்ளை வேட்டி சட்டையில் ஆண்கள் மட்டும் நின்றார்கள். நிற்பதற்கே ஒரு மணி நேரம் தகராறு. பெண்கள் எல்லாரும் பந்தலில் காய் அரிந்துகொண்டிருந்தார்கள். ஊரிலேயே மூத்த பங்காளி ஒருவருக்குக் கண் தெரியாது, கால் நிற்காது. அவரைப் பிடித்துக்கொள்ள ஆள் வேண்டும் என்றபோது, அவனவன் தன் இடத்தை விட்டு நகரத் தயாராக இல்லை. நகர்ந்தால் அடுப்பு போய்விடும் இல்லையா! அப்போது அக்கா பந்தலிலிருந்து வந்து அவருக்குப் பக்கத்தில் நின்றாள். அவர் அவள் தோளில் கையைப் போட்டுக்கொண்டார். சித்தப்பா பார்த்தார். பெரியவரை யார் பிடிப்பது என்ற கேள்வி மறுபடி கிளம்பும் என்பதால் பேசாமல் இருந்துவிட்டார். நான் ஒன்பது படத்தையும் எடுத்து முடித்தேன்.

மூட்டை கட்டும்போது அக்கா என்னிடம் வந்தாள். "வரிசையில நின்னுட்டேன் சாமி. படத்துல நின்னா அடுப்பு உண்டுன்னு அவியளேதான் சொன்னாங்க. நீ மட்டும் என்னய உட்றாத" என்றாள். விடமாட்டேன் என்றேன்.

மறுநாள் ஸ்டுடியோவில் உட்கார்ந்து ஒட்ட ஆரம்பித்தேன். லென்ஸ் வாய் திறக்காத லென்ஸ் என்பதால் சாப்ட்வேர் என்னையே கேட்டது. லென்ஸின் அளவு என்ன, சென்சார் விகிதம் என்ன என்று இரண்டு கட்டம். முதல் கட்டத்தில் ஐம்பது என்று அடித்தேன். அது சரி. இரண்டாவது கட்டத்தில் ஒன்றரை என்று அடித்தேன். என் சொந்தக் கேமராவின் சின்ன சென்சாருக்கு அதுதான் அளவு. பத்து வருடமாக அடித்த பழக்கத்தில் விரல் தானாகவே போய்த் தட்டிவிட்டது. இரவல் கேமராவுக்கு ஒன்று என்று போட்டிருக்க வேண்டும்.

இது பெரிய ரகசியம் ஒன்றுமில்லை. ஒரே லென்ஸ்தான். பின்னால் இருக்கிற சென்சார் சின்னதாக இருந்தால் காட்சியின் நடுப்பகுதி மட்டும் விழும்; பெரிதாக இருந்தால் ஓரங்களும் சேர்ந்து விழும். ஒரே இடத்தைச் சின்ன ஜன்னல் வழியாகவும் பெரிய ஜன்னல் வழியாகவும் பார்ப்பது போல. பெரிய ஜன்னலில் பார்த்ததைச் சின்ன ஜன்னலில் பார்த்தது என்று நான் சொன்னால் சாப்ட்வேர் நம்பித்தானே ஆக வேண்டும்? அது நம்பி, படங்களைத் தப்பாக வளைத்து ஒட்டியது. ஒரு ஓரம் பொருந்தினால் இன்னொரு ஓரம் பொருந்தவில்லை. நானோ ஒரு கல்யாண ஆல்பம் அவசரத்தில் இருந்தேன். சித்தப்பா மூன்று தடவை போன் செய்துவிட்டார். சரியாகக்கூடப் பார்க்காமல் சின்ன சைஸில் பங்காளிகளின் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிட்டுச் சாப்பிடப் போனேன்.

திரும்பி வந்து பார்த்தால் குரூப் கொதித்துக்கொண்டிருந்தது. அப்போதுதான் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். நேரான மதில் படிக்கட்டு மாதிரி ஏறி இறங்கியது. ஒருவருக்குக் காது இல்லை. ஒருவருக்கு மூன்று கை. கோழிப் பண்ணை வைத்திருக்கிற இன்னொரு சித்தப்பாவுக்கு வயிறு இரண்டு அடுக்காக இருந்தது. இதில் ஒன்றைக்கூட ஒருவரும் பார்க்கவில்லை. எல்லார் கண்ணிலும் பட்டது ஒன்றே ஒன்றுதான். இரண்டு படங்கள் சேர்கிற இடத்தில் அக்கா இரண்டு தடவை நின்றாள். அத்தனை வெள்ளை வேட்டிகளுக்கு நடுவில் அரக்குச் சேலையில் இரண்டு அக்கா.

'ஒரு பொம்பளைக்கு ரெண்டு தலைக்கட்டா?' என்று ஒருவர் எழுதியிருந்தார். 'ரெண்டு அடுப்பு குடுத்துருங்கப்பா' என்று இன்னொருவர். கண்ணில் தண்ணி வரச் சிரிக்கிற பொம்மைகளை வரிசையாக வைத்திருந்தார்கள். ஒருவர் 'புருசன் ஒருத்தன்கூட இல்ல, ஆள் மட்டும் ரெண்டு' என்று எழுதியிருந்தார். அதற்குப் பதினெட்டுப் பேர் கட்டைவிரல் காட்டியிருந்தார்கள். காலேஜ் படித்தவர்கள், பள்ளிக்கூட வாத்தியார், ஏசி காரில் போகிறவர் எல்லாரும் அதில் உண்டு. எனக்கு அந்தப் போனைத் தொடவே அருவருப்பாக இருந்தது. அருவருப்புப்பட்டேனே தவிர, நான் ஒன்றும் எழுதவில்லை.

அக்கா அந்தக் குரூப்பில் இல்லை. தலைக்கட்டு இல்லாதவர்களை அதில் சேர்ப்பதில்லை. யாரோ வேடிக்கைக்கு அவளுக்கு அனுப்பியிருக்கிறார்கள். அவள் எனக்குப் போன் செய்தாள். சிரித்துக்கொண்டிருந்தாள்.

"ஏஞ்சாமி, ரெண்டா வந்துருக்கறேனே!"

"அளவு ஒண்ணு மாறிப் போச்சுங்க்கா. இரவல் கேமரா. சரி பண்ணிர்றேன்."

"ஒண்ணை அழிச்சுட்டு ஒண்ணை உட்ரு சாமி. எனக்கு ஒண்ணு போதும்."

"சரிங்க்கா" என்றேன்.

அளவை மாற்றினேன். ஒன்றரையை அழித்து ஒன்று என்று போட்டேன். சாப்ட்வேர் சில நிமிடம் முக்கி முனகிப் புதுப் படத்தைக் கொடுத்தது. மதில் நேராகிவிட்டது. காது வந்துவிட்டது. மூன்றாவது கை போய்விட்டது. அக்கா ஒருத்தியாக நின்றாள். வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கி, பெரியவரின் கை தோளில் கிடக்க, கேமராவை நேராகப் பார்த்துக்கொண்டு நின்றாள். அந்தப் படத்திலேயே நேராகப் பார்த்த முகம் அது ஒன்றுதான். மற்றவர்கள் எல்லாம் பக்கத்தில் இருப்பவன் எவ்வளவு இடம் எடுத்துக்கொண்டான் என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சித்தப்பா மாடியேறி வந்தது அப்போதுதான். கையில் தலைக்கட்டு நோட்டு. வந்ததும் உட்கார்ந்து என் திரையில் பேனா முனையை வைத்துத் தலைகளை எண்ண ஆரம்பித்தார். எண்ணுகிற சாக்கில் வெற்றிலைச் சுண்ணாம்பு விரலைத் திரையெல்லாம் தேய்த்தார். இரண்டு தடவை எண்ணினார்.

"நோட்டுப்படி நூத்திப் பதினாறு, உன்னோட சேத்தி" என்றார். "நீ போட்டோ புடிச்சுட்டு இருந்தே. அதனால நூத்திப் பதினஞ்சுதான் இருக்கோணும். இதுலயும் நூத்திப் பதினாறு இருக்குது."

"அக்காவோட சேத்திங்க சித்தப்பா."

"அதத்தான் சொல்றேன். அவளை எடுத்துரு."

நான் திரையில் இருந்த சுண்ணாம்பைத் துடைத்தேன்.

"மொதல்லயே மிஷினு தப்புப் பண்ணிருச்சுன்னு ஊருக்கே தெரியும். அவளுக்கும் தெரியும். ரெண்டாக் காட்டுன மிஷினு ஒண்ணுமில்லாமயும் காட்டும்னு சொல்லிரு. ஆரு மேலயும் பொல்லாப்பு இல்ல."

"மிஷின் தப்பு இல்லீங்க சித்தப்பா. நாந்தான் அளவைத் தப்பாப் போட்டுட்டேன். இப்ப சரியாப் போட்டேன், சரியா வந்துருச்சு."

"சரியா வந்தா ஆருக்கு வேணும்?" என்றார். குரலை உயர்த்தவே இல்லை. பிறகு முகம் மலர்ந்து, "உன்ற தலைதான் இதுல இல்லியே சாமி. நீயும் பங்காளிதானே. அவ நிக்கற எடத்துல உன்னய நிறுத்திரு. நூத்திப் பதினாறும் கச்சிதமா வந்துரும். ஆண்டவனே பாத்துக் கணக்குப் போட்டாப்பல இருக்குது பாரு" என்றார்.

அவர் என்னை மிரட்டவில்லை. எனக்கு எதுவும் தருவதாகவும் சொல்லவில்லை. அப்படி ஏதாவது இருந்திருந்தால் இப்போது சொல்லிக்கொள்ள ஒரு சாக்காவது இருக்கும். அவர் டீ வாங்கி வரச் சொன்னார். டீ குடித்துக்கொண்டு என் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். அவ்வளவுதான். முடியாது என்று ஒரு வார்த்தை. சொல்லியிருந்தால் போதும். எழுந்து போகும்போது அவர் முகம் எப்படி மாறும், நாளைக்குக் கோயிலில் எனக்கு யார் முகம் கொடுப்பார்கள் என்று யோசித்தேன். யோசித்துக்கொண்டிருக்கும்போதே கை மவுஸைப் பிடித்துவிட்டது.

அவளை எடுக்க அரை மணி நேரம் ஆனது. போன வருடம் ஒரு கல்யாணத்தில் யாரோ எடுத்த என் படம் ஒன்று இருந்தது. அதை வெட்டி அந்த இடத்தில் வைத்தேன். வெயில் எதிர்ப்பக்கம் விழுந்திருந்ததால் என்னை இடம் வலம் மாற்றித் திருப்பினேன். சட்டைப் பை வலது பக்கம் போய்விட்டது. யாரும் இன்று வரை அதைக் கவனிக்கவில்லை. பெரியவரின் கையை மட்டும் அப்படியே விட்டு, அதற்கடியில் என் தோளைப் பொருத்தினேன். கண் தெரியாத மனுசன் அவளை நம்பிப் போட்ட கை. அதன் நிழலைக்கூட அழகாக வரைந்தேன். வேலை சுத்தமாக வந்ததில் ஒரு நிமிடம் எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. என் பிறவியிலேயே அதைவிடக் கேவலமான நிமிடம் ஒன்று இருந்ததாக நினைவில்லை.

'சாப்ட்வேர் பிழை சரிசெய்யப்பட்டது' என்று எழுதிக் குரூப்பில் போட்டேன். கும்பிடுகள் குவிந்தன.

அக்காவுக்கு நான் போன் செய்யவில்லை. அவள் செய்தாள், நான் எடுக்கவில்லை. மூன்றாம் நாள் எடுத்தேன். "அந்த இரவல் கேமராவுல என்னமோ கோளாறுங்க்கா. சரி பண்ணப் பண்ண நீங்க நின்ன எடம் மட்டும் வரமாட்டீங்குது" என்றேன். அந்தப் பக்கம் ஆட்டுக்குட்டி ஒன்று கத்திக்கொண்டிருந்தது. "சரி சாமி, நீ என்ன பண்ணுவே" என்று வைத்துவிட்டாள்.

மாசிப் பொங்கல் வந்தது. மண்டபத்தில் படம் மாட்டியிருந்தது. அதற்கடியில் சித்தப்பா நாற்காலி போட்டு உட்கார்ந்து, படத்தைப் பார்த்துப் பார்த்து அடுப்பு இடம் காட்டிக்கொண்டிருந்தார். சண்டையே இல்லை. எல்லாரும் என் வேலையைப் புகழ்ந்தார்கள். எனக்கு விழுந்த இடம் வேம்பு நிழல். பெரியப்பா இருந்த காலத்தில் அவருக்கே கிடைக்காத நல்ல இடம். என் மனைவிக்கு ஒன்றும் தெரியாது. சந்தோசமாகச் செங்கல் அடுக்கினாள்.

அக்கா பானையும் விறகுமாக வந்தாள். நேராக மண்டபத்துக்குப் போய்ப் படத்துக்கு முன்னால் நின்றாள். நான் தூண் மறைவில் இருந்தேன். அவள் ஒரு ஓரத்திலிருந்து ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே நடந்தாள். பெரியவர் இருக்கிற இடத்துக்கு வந்ததும் நின்றுவிட்டாள். அவர் கை யார் தோளில் இருக்கிறது என்பதைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு பானையை எடுத்துக்கொண்டு மதிலுக்கு வெளியே, அந்தக் குடல் நாறுகிற பக்கம் போனாள்.

அன்று சாயந்தரம் வீட்டில் மனைவியிடம் சொன்னேன். அவள் பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தாள். கையை நிறுத்தி என்னைப் பார்த்தாள். "அந்தப் பொங்கலையா நான் என்ற புள்ளைக்கு ஊட்டுனேன்?" என்று கேட்டாள். மிச்சமிருந்த பொங்கலைச் சட்டியோடு கொண்டுபோய்க் குப்பையில் கொட்டிவிட்டு வந்தாள்.

ஒன்பது படங்களும் இன்னும் என் கம்ப்யூட்டரில் இருக்கின்றன. ஒன்று என்று போட்டு ஒட்டிய படமும் இருக்கிறது. ஒரு பட்டனைத் தட்டினால் குரூப்பில் போய் விழும். எத்தனையோ தடவை திறந்து பார்த்துவிட்டு மூடியிருக்கிறேன். மூடுகிறபோதெல்லாம் என் மேல் எனக்கே ஒரு நாற்றம் அடிக்கிறது.

சித்திரையில் அக்கா ஸ்டுடியோவுக்கு வந்தாள். பெரியப்பா பேரில் இருந்த ரேஷன் கார்டை மாற்றி அவள் பேரில் எடுக்க வேண்டுமாம், குடும்பத் தலைவி என்று போட்டு. அதற்கு ஒரு போட்டோ வேண்டும் என்றாள். ஸ்டூலில் உட்கார்ந்து முந்தானையைச் சரிசெய்துகொண்டாள். நான் லைட்டை நகர்த்தினேன். நகர்த்த வேண்டிய அவசியமே இல்லை. அவள் முகத்தைப் பார்க்காமல் இருக்க ஏதாவது செய்ய வேண்டியிருந்தது. கடைசியில் கேமராவுக்குப் பின்னால் போய் நின்றேன்.

"அன்னைக்குக் கொண்டாந்தியே, அந்தக் கேமராவா சாமி இது?" என்று கேட்டாள்.

"இல்லீங்க்கா. இது என்ற சொந்தக் கேமரா."

அவள் நிமிர்ந்து உட்கார்ந்து என்னை நேராகப் பார்த்தாள்.

"அப்படின்னா இதுல நான் இருப்பேன்" என்றாள்.